சீதன வளவின் வானம்

றிப்தி குரோஷியாவுக்குப் போன மூன்றாம் மாதம், குறிஞ்சாக்கேணியில் அவனுடைய மனைவி ரிஸ்லாவின் வளவில் சூரியன் பிந்தி உதிக்கத் தொடங்கியது. ஊரின் மற்ற வளவுகளில் அது வழக்கம்போலக் காலையில் எழும்பித் தன் வேலையைப் பார்த்தது. ரிஸ்லாவின் வளவில் மட்டும் பள்ளிவாசலில் மதியத்து ளுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்தில்தான் விடிந்தது. முதல் நாள் ரிஸ்லா தன் கண்ணில் ஏதோ கோளாறு என்று நினைத்து, ஆறு மாத வயிற்றோடு திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டாம் நாள் அவளுடைய உம்மா சுபைதா அடுத்த வீட்டுக்கு நெருப்புப்பெட்டி கேட்டுப் போனார். படலையைத் தாண்டியதும் தலையில் வெயில் சுள்ளென்று விழ, திரும்பி வந்து மகளை எழுப்பி, படலையடியில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னார். படலைக்கு வெளியே மாடுகள் பத்து மணி வெயிலுக்கு நிழல் தேடி நின்றன. படலைக்கு உள்ளே நட்சத்திரங்கள் இருந்தன. ரிஸ்லா பார்த்துவிட்டு, குளிர்கிறது என்று சொல்லி உள்ளே போய்ப் போர்வையை எடுத்துக்கொண்டாள்.

றிப்தி யாரென்று சொல்ல வேண்டும். இலங்கையின் அந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் மாப்பிள்ளை எடுப்பார்கள். வீடும் வளவும் பெண்ணின் சீதனம். மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு வந்து அங்கே குடியிருப்பான். றிப்தியும் அப்படித்தான் மூதூரிலிருந்து ஒரு பெட்டியோடும் ஒரு முச்சக்கர வண்டியோடும் வந்தவன். வண்டியின் பின்னால் கண்ணாடிப் பெட்டி, அதற்குள் பாணும் பணிஸும். காலையும் மாலையும் பாட்டைப் போட்டுக்கொண்டு குறிஞ்சாக்கேணியையும் சுற்றியிருந்த ஊர்களையும் வலம் வருவான். பாட்டுக் கேட்டால் பிள்ளைகள் காசோடு ஓடி வருவார்கள், பெரியவர்கள் காசில்லாமல் நடந்து வருவார்கள். நாட்டில் மாவும் இல்லை பெற்றோலும் இல்லை என்று ஆன வருடம் வண்டி வளவில் நின்றது. அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் சுபைதாவின் கோழி அடைகாத்துப் பதினொரு குஞ்சு பொரித்தது. அதைப் பார்த்த அன்றுதான் றிப்தி திருகோணமலை நகரத்துக்குப் போய், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஒருவரிடம் பெயர் கொடுத்தான். குரோஷியாவில் ஒரு சிறிய பட்டினத்துப் பேக்கரியில் வேலை என்றார்கள். இரண்டு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

பட்டினத்தின் பெயர் ஸ்லத்கோவட்ஸ். குறிஞ்சாக்கேணியில் அந்தப் பெயர் யாருடைய வாயிலும் தங்கவில்லை. சலக்கோவை என்று ஆக்கிக்கொண்டார்கள், அது இந்தியாவில் எங்கோ இருக்கிறதென்று நம்பியவர்களும் உண்டு. ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, மூடிக் கிடக்கும் ஒரு தோல் பதனிடும் ஆலை, குறுக்கே ஒரு ஆறு, சுற்றிவரக் குன்றுகளில் ஏழு கிராமங்கள், அவ்வளவுதான் அந்தப் பட்டினம். கிராமங்களில் வீடுகள் நிறைய இருந்தன, ஆட்கள் இல்லை. இளையவர்கள் ஜெர்மனிக்கும் அயர்லாந்துக்கும் போய்விட்டார்கள்; வயதானவர்கள் மட்டும் அடுப்புக்குப் பக்கத்தில் மிஞ்சியிருந்தார்கள். பாண் போடக்கூட ஆளில்லாமல் போனதால்தான் கடல் கடந்து, குறிஞ்சாக்கேணி இருக்கும் கிண்ணியாப் பக்கத்தில் ஆள் தேடினார்கள்.

வளவில் நிற்பது அந்தப் பட்டினத்து வானம் என்பது தொலைபேசியில் தெரிய வந்தது. ஒரு நாள் றிப்தி பேசிக்கொண்டிருக்கும்போது, இங்கே வெள்ளைப் பனி விழத் தொடங்கிவிட்டது, ஜன்னலால் பார்க்கிறேன் என்றான். ரிஸ்லா வாசற்படியில் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய தொலைபேசியின் மேல் வெள்ளையாக ஒன்று வந்து விழுந்து கரைந்தது. அடுத்து அவளுடைய முழங்கையில் ஒன்று. இங்கேயும் விழுகிறது என்றாள். அவன் சிரித்தான், அவள் படம் பிடித்து அனுப்பினாள், அவன் சிரிக்கவில்லை. அதன் பிறகு அவனால் அவளிடம் வானிலையைப் பற்றிப் பொய் சொல்ல முடியாமல் போயிற்று. பேக்கரிக்குள் நல்ல கதகதப்பு என்று அவன் சொல்லும்போதே, வேலைக்கு நடந்து போகிற வழியில் அவன் முகத்தில் அடித்த ஆலங்கட்டி அவளுடைய தகரக் கூரையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. புருஷன் எந்த மழையில் நனைகிறான் என்று இவ்வளவு துல்லியமாகத் தெரிந்த மனைவி அந்த மாவட்டத்தில் வேறு யாரும் இல்லை. தெரிந்து என்ன செய்வது, துவட்டிவிட முடியவில்லையே என்று அவள் அழுததும் உண்டு.

ஊர் விளக்கம் தேடியது. பள்ளிவாசலின் ஸைனுலாப்தீன் மௌலவி, அளந்து பேசுகிறவர், வளவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை இருக்கவேண்டிய இடம் பொண்டாட்டி வீடு. ஆள் வரேலாமப் போனதால அவர்ர தலைக்கு மேல இருக்கிற வானம் வந்திருக்கு. ஆள் வந்தாப் போயிடும்." இது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. நகரத்திலிருந்து வானிலைக்காரர் யோகலிங்கம் வெப்பமானியும் மழைமானியும் கொண்டு வந்தார். ஒரு மணி நேரம் வளவில் கதிரை போட்டு இருந்தவர், தடிமன் பிடித்து, சுபைதாவின் போர்வையைச் சுற்றிக்கொண்டு முச்சக்கர வண்டியில் திரும்பிப் போனார். போர்வை இன்னும் வரவில்லை.

வானம் வேலிக்குச் சரியாக அடங்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்து வளவுக்காரர் ஸெய்னுதீன் பக்கமாக ஒரு முழம் தள்ளியே பனி விழுந்தது. சுபைதாவின் புருஷன் உயிரோடு இருந்த காலத்திலிருந்தே அந்த ஒரு முழத்துக்குச் சண்டை. வேலி சரியான இடத்தில்தான் நிற்கிறதென்று ஸெய்னுதீன் பள்ளிவாசல் வரைக்கும் போய்ச் சத்தியம் பண்ணியிருந்தார். இப்போது அவருடைய வளவுக்குள் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளையாகக் கோடு போட்டதுபோலப் பனி கிடந்தது. மூன்று நாள் அதைப் பார்க்காததுபோல நடந்து திரிந்தார். நாலாம் நாள் ஆள் பிடித்து வேலியைத் தன் பக்கமாக ஒரு முழம் தள்ளிப் போட்டார். அவருடைய மாமரத்தின் ஒரு கிளை மட்டும் இந்தப் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் வந்தால் அந்தக் கிளையில் மட்டும் இலை மஞ்சளாகி உதிரும்.

நட்டமும் இருந்தது, இலாபமும் இருந்தது. வளவில் நின்ற இரண்டு தென்னையும் முதல் வருடமே பட்டுப்போயின; தேங்காய் இருநூறு ரூபாய்க்குப் போன நேரத்தில் ரிஸ்லா கடையில் வாங்கித்தான் பால் பிழிந்தாள். ஆனால் நுவரெலியாவிலிருந்து லொறியில் வரவேண்டிய லீக்ஸும் கோவாவுமான குளிர்நாட்டு மரக்கறிகள் அவளுடைய குசினிக்குப் பின்னால் தாமாகத் தடித்து வளர்ந்தன, மூதூர் வியாபாரிகள் வந்து வாங்கிப் போனார்கள். மின்வெட்டு இருந்த மாதங்களில் ஊர் இருட்டும்போது அந்த வளவில் நல்ல வெயில். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தோடு வந்தார்கள், பின்னால் அவர்களுடைய தகப்பன்மார் கரம் விளையாட்டுப் பலகையோடு வந்தார்கள். சுபைதா எல்லாருக்கும் தேத்தண்ணீர் ஊற்றிச் சலித்து, சீனி கொண்டு வருகிறவனுக்கு மட்டும்தான் வெயில் என்று அறிவித்தார்.

பெரிய குழப்பம் நோன்பில் வந்தது. அந்த மார்ச் மாதம் ரிஸ்லாவின் வளவில் விடிகாலைச் சுபஹ் நேரம் வரும்போது ஊரில் காலை ஒன்பது மணி ஆகிவிட்டிருந்தது. ஆகவே ஒன்பது மணி வரைக்கும் அந்த வளவுக்குள், நோன்புக்கு முந்திய சாப்பாடான சஹர் சாப்பிடலாம். இதை முதலில் கண்டுபிடித்தது யாரென்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் நோன்பில் பத்துப் பேர் சோற்றுக் கோப்பையோடு வந்தார்கள். ஐந்தாம் நோன்பில் படலையிலிருந்து தெரு முனை வரைக்கும் வரிசை நின்றது. ஊரின் சூரியன் முதுகைச் சுடச்சுட வரிசையில் நின்று, படலையைத் தாண்டி இருட்டுக்குள் போய், கோழிக் கறியோடு வயிறாரச் சாப்பிட்டு, நோன்புக்கு நிய்யத்து வைத்து வெளியே வந்து, பின்னேரம் தங்கள் வீட்டில் ஊரோடு சேர்ந்து நோன்பு திறந்தார்கள். பாதி நாள் நோன்பு, முழு நாள் நன்மை என்று கணக்கு. ரிஸ்லாவுக்கோ அவளுடைய வளவின் சூரியன் இறங்கும்போது ஊர் உறங்கியிருக்கும். தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் விளக்கு அணைந்த பிறகுதான் அவள் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுப்பாள்.

செய்தி மௌலவியின் காதுக்கு எட்டியது. அவர் இரண்டு நாள் கிதாபு புரட்டினார். கடைசியில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில், எந்தச் சூரியனில் நோன்பு பிடித்தீர்களோ அந்தச் சூரியனிலேயே திறக்க வேண்டும், இல்லாவிட்டால் களாச் செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வரிசை இல்லை. அப்படிப் பிடித்த நோன்புகளைத் திருப்பிப் பிடிக்க வேண்டி வந்தவர்கள், ரிஸ்லாவின் வளவைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நோன்பு மாதம் முடியுமுன்பே அவள் பெற்றுப் படுத்துவிட்டாள். பஹ்மியா என்று பெயர் வைத்த அந்தப் பெண் குழந்தை ஸ்லத்கோவட்ஸ் வானத்தின் கீழ், குறிஞ்சாக்கேணித் தரையில் பிறந்தது.

பஹ்மியாவுக்கு வேறு வானம் தெரியாது. மதியத்தில் எழும்புவாள், நடுச்சாமத்தில் விளையாடுவாள், ஊர்ச் சூரியனைத்தான் பிழையான சூரியன் என்று நினைத்தாள். குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில் விட்டபோது பாய் கொடுத்து ஒரு மூலையில் படுக்க வைத்தார்கள். வாப்பாவை அவளுக்குக் கண்ணாடிக்குள் இருக்கும் முகமாக மட்டும் தெரியும். தொலைபேசி மேசையில் கிடந்தால், "வாப்பா நித்திரை" என்று சொல்லி அதன்மேல் லேஞ்சியைப் போர்த்துவிடுவாள். ரிஸ்லா அதைப் பார்க்கும் ஒவ்வொரு தரமும் குசினிக்குள் போய் நின்றுவிட்டு வருவாள்.

இரண்டு வருடம் முடிந்தது. றிப்தி வரவில்லை. முதலில் சம்பளப் பாக்கி என்றான், பிறகு விமானச் சீட்டு விலை என்றான். ரிஸ்லா வானத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த முறை பொய்யைக் காட்டிக்கொடுக்க வானத்தில் எதுவும் இருக்கவில்லை. அவளுடைய சொந்தக்காரப் பெண்களில் சிலர், வெளிநாட்டில் ஆண்பிள்ளைகள் செய்கிற காரியங்களைப் பற்றிப் பொதுவாகக் கதைத்துவிட்டுப் போனார்கள். அவளும் அப்படித்தான் எண்ணினாள். ஒரு நாள் நேராகவே கேட்டாள்.

"பொம்பிளை ஒராள் இருக்கிறாவா?"

"ஓம் புள்ள," என்றான் றிப்தி. "எண்பத்தெட்டு வயசு."

விஷயம் இதுதான். அவன் போய்ச் சேர்ந்த வருடமே பேக்கரியின் சாரதி படுத்த படுக்கையாகிவிட, கிராமங்களுக்குப் பாண் கொண்டுபோகும் வான் வண்டியை றிப்தியிடம் கொடுத்தார்கள். ஏழு கிராமத்துக்கும் அவன்தான் போனான். ஊர்ப் பழக்கத்தில் வண்டியில் ஒரு பாட்டையும் பூட்டினான். பாட்டுக் கேட்டால் கிழவர்கள் படலைக்கு வருவார்கள். வராத வீட்டுக்கு உள்ளே போய்ப் பார்ப்பான். விறகு வெட்டிக் கொடுப்பான், மருந்து வாங்கிக் கொடுப்பான், சில வேளை கண்ணை மூடிவிட வேண்டியும் வந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஒன்றிரண்டு கிராமம் முடிந்தது. கடைசிப் பாண் வாங்குகிற ஆள் போனதும் அந்தப் பாதையில் வண்டி திரும்பாது. இப்போது மிஞ்சியிருப்பது குன்றின் உச்சியில் கோர்னியே என்ற ஊர். அதில் ஒரு வீடு, அந்த வீட்டில் தெரேசியா. பெற்றோல் காசுக்குக்கூடக் கட்டுப்படியாகாதென்று பேக்கரிக்காரர் நிறுத்தச் சொல்லிவிட்டார். றிப்தி தன் ஓய்வு நேரத்தில் போகிறான். அவன் போகாவிட்டால் அவளை எங்கோ தூரத்து நகரத்தில் முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள். தெரேசியா வீட்டை விடுவாளாம், கட்டிலை விடுவாளாம், எல்லாரையும் புதைத்த சேமக்காலையையும் விடுவாளாம். வேறு வானத்தின் கீழ் மட்டும் சாகமாட்டாளாம்.

"ரெண்டு கிழமைக்கொருக்காக் கேக்கிறா, நீ எப்ப போறாய் எண்டு," என்றான் றிப்தி. "அடுத்த மாசம் எண்டு சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் போட்டுது. நான் எப்பிடி வாறது, சொல்லு."

ரிஸ்லா தொலைபேசியை வைத்துவிட்டு யோசித்தாள். வேறொருத்தி என்றால் சண்டை பிடிக்கலாம், மௌலவியிடம் போகலாம், ஊரைக் கூட்டலாம். எண்பத்தெட்டு வயது மனுஷி பாணுக்காகப் படலையில் நிற்கிறாள் என்றால் யாரிடம் போய் முறையிடுவது. அந்தக் குளிர்காலம் கடுமையாக இருந்தது. ஜனவரியில் ஒரு நாள் வளவில் முழங்கால் உயரத்துக்குப் பனி கொட்டி, கிணற்றுக் கயிறு கம்பி மாதிரி விறைத்துப்போயிற்று. ரிஸ்லா ஜன்னலடியில் நின்று பார்த்தாள். கோர்னியேக்குப் போகிற பாதை மூடியிருக்கும். அங்கே அடுப்பு அணைந்திருக்கும். அப்படி நினைத்தபோது அவளுக்கு நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் எழும்பியது. இன்னும் கொட்டட்டும் என்று துஆக் கேட்டாள். கை ஏந்தியே கேட்டாள். பிறகு பஹ்மியா வந்து குளிருது உம்மா என்று காலைக் கட்டிக்கொள்ள, தான் கேட்டது ஒரு மனுஷியின் சாவை என்று விளங்கி, அந்த இடத்திலேயே குந்திவிட்டாள்.

பனி நின்ற மறுநாள் றிப்தி தொலைபேசியில் எடுத்தபோது தெரேசியாவின் வீட்டில்தான் இருந்தான். பாதை வெட்டிக்கொண்டு போயிருந்தான். மனுஷி உயிரோடு, அடுப்பங்கரையில், தலையில் கறுப்புத் துணியோடு இருந்தாள். ரிஸ்லா முதல்முறையாக அவளுடைய முகத்தைப் பார்த்தாள். சுபைதாவின் முகத்தை நெடுநாள் வெயிலில் போட்டு எடுத்ததுபோல இருந்தது.

"அவவிட்டச் சொல்லுங்க," என்றாள் ரிஸ்லா. "நான் அவ மவுத்தாகோணும் எண்டு துஆக் கேட்டனான். என்னை மன்னிக்கட்டாம்."

றிப்தி சொல்லத் தயங்கினான். அவள் விடவில்லை. அவன் மெல்ல மெல்ல அந்தப் பாஷையில் சொன்னான். தெரேசியா காதில் கையை வைத்துக் கேட்டாள், பிறகு வாயில் மிஞ்சியிருந்த இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள். றிப்தி மொழிபெயர்த்தான்:

"தானும் அதைத்தான் ஒவ்வொரு நாளும் கேக்கிறாவாம். நீயும் சேர்ந்து கேட்டது நல்லதாம். ஒராள் கேட்டுச் சரிவரேல்லையாம்."

ரிஸ்லாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அங்கே தெரேசியாவின் ஜன்னலில் மேகம் விலகி வெயில் வந்தது. இங்கே ரிஸ்லாவின் மடியிலும் அதே நேரம் வெயில் விழுந்தது. அவள் மடியைப் பார்த்தாள், தொலைபேசியைப் பார்த்தாள். இவ்வளவு காலமும் தனக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

"அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க," என்றாள். "அவக்கு அவட வானம்தானே வேணும்? இங்க எங்கட வளவுல இருக்கிறது ஆர்ர வானம்?"

சுபைதா உள்ளேயிருந்து ஒரேயொரு கேள்வி கேட்டார், பன்றி சாப்பிடுவாவா என்று. கேள்வி குரோஷியாவுக்குப் போய்ப் பதிலோடு திரும்பியது. பல் இல்லாதவளுக்கு எந்த இறைச்சியும் ஒன்றுதான் என்று தெரேசியா சொன்னாள். சுபைதா, அப்படியென்றால் வரட்டும், கஞ்சி காய்ச்சலாம் என்றார்.

கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் ஒரு கோடைகாலம் முழுவதும் போயிற்று. அதற்கிடையில் ஊரில் ஒருவர் மௌலவியின் பழைய விளக்கத்தை நினைவுபடுத்தினார். மாப்பிள்ளை வராததால் வந்த வானம், மாப்பிள்ளை வந்தால் போய்விடும் அல்லவா? அப்படியானால் அந்த மனுஷியை வேறு வானத்தின் கீழ் சாகவா கூட்டி வருகிறார்கள்? மௌலவி, நான் அப்படிச் சொன்னது இந்த மனுஷியின் கதை வருவதற்கு முன்பு என்று மட்டும் சொன்னார். ரிஸ்லாவுக்கு நித்திரை போயிற்று. றிப்தியிடம் சொன்னால் புறப்படமாட்டான். சொல்லாவிட்டால் பாவம். இரண்டு நாள் உள்ளேயே வைத்துப் புழுங்கிவிட்டுச் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு, வெளிக்கிட்டாச்சு புள்ள, வந்து பாப்பம் என்றான்.

ஒக்டோபரில் வந்தார்கள். விமான நிலையத்திலிருந்து வான் வண்டியில் வரும் வழியில் தெரேசியாவுக்கு ஊரின் வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை. ஹபரணை தாண்டியதும் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது றிப்தி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே வந்தான். குறிஞ்சாக்கேணியில் ஊர் முழுவதும் வேலியடியில் கூடி நின்றது. தெருவில் பின்னேர வெயில் கொளுத்தியது. படலைக்கு உள்ளே பத்து மணிக் காலைப் பனிப்புகார் மூடிக் கிடந்தது. றிப்தி தெரேசியாவைத் தூக்காத குறையாகக் கூட்டி வந்து படலையைத் திறந்து உள்ளே விட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு திரும்பி, தன்னுடைய குளிர் அங்கியைக் கேட்டாள்.

றிப்தி அங்கியை வேலிக்கு மேலால் நீட்டினான். அவன் உள்ளே போகவில்லை. போனால் வானம் போய்விடும் என்று பயந்தான். மூன்று வருடம் கழித்து, பாதி உலகத்தைக் கடந்து வந்து, மனைவியின் படலைக்கு வெளியே ஒரு அடியில் நின்றான். ரிஸ்லா உள்ளே பஹ்மியாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். பஹ்மியா முகத்தை உம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள்.

அன்று அவன் ஸெய்னுதீனின் மாட்டுக் கொட்டிலில் படுத்தான். அடுத்த நாளும் அங்கேதான். ரிஸ்லா வேலிக்கு மேலால் சாப்பாடு கொடுத்தாள், வாங்குகிற கையை அவள் ஒரு தரம் பிடித்துக்கொண்டாள், விடவில்லை, கறி ஆறிப்போனது. "குரோஷியாவில இருக்கேக்க இதைவிடக் கிட்டத்தில இருந்தனீங்க," என்றாள். ஊர் ஆட்கள் வேலை வெட்டியை விட்டுவிட்டு, அவன் போக வேண்டும், போகக்கூடாது என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். தெரேசியா ஒரு கதிரையில் இருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவள் றிப்தியை வேலியடிக்குக் கூப்பிட்டு என்ன நடக்கிறதென்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் அவனைப் பார்த்து ஏதோ ஒன்று சொன்னாள், அதை அவன் இன்றுவரை யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. பிறகு எழும்பிப் படலைக்குப் போய், திறந்து, அவனுடைய சட்டைக் கையைப் பிடித்து, பாண் வண்டிக்குப் பின்னால் போன நாய்க்குட்டியை வீட்டுக்குள் இழுக்கிறதுபோல உள்ளே இழுத்துவிட்டாள்.

எல்லாரும் மேலே பார்த்தார்கள். மேகம் மேற்கிலிருந்து கிழக்கே போய்க்கொண்டிருந்தது. மாங்கிளையிலிருந்து ஒரு மஞ்சள் இலை விழுந்தது. வானம் அசையவில்லை. ஊர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மாலைத் தொழுகைக்கு நேரமாகிறதென்று கலைந்து போயிற்று. மௌலவி புதிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. உள்ளே றிப்தி வாசற்படியில் குந்திக்கொண்டிருந்தான். ரிஸ்லா அவனுடைய முதுகில் கையை வைத்தபடி நின்றாள். பஹ்மியா வந்து அவனைச் சுற்றி நடந்து, பின்பக்கமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

அந்த முதல் வாரங்களில் றிப்தி, ஊரில் எல்லாரும் உறங்கும் நேரத்தில் முழித்துக்கொண்டிருந்தான், அவனோடு சரிக்குச் சரி முழித்திருந்தது பஹ்மியா மட்டும்தான். இருவரும் அந்த நேரங்களில் என்ன கதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இப்போது றிப்தி பழைய வண்டியைக் கழுவி மறுபடி பாண் விற்கிறான், கோழிகள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. தெரேசியாவும் சுபைதாவும் குசினியில் ஆளுக்கொரு பாஷையில், அடுப்பில் விறகு எவ்வளவு வைப்பது என்று நாள்தோறும் சண்டை பிடிக்கிறார்கள். ஒருத்தர் சொல்வது மற்றவருக்கு விளங்காததால் இருவருமே வென்றுவிடுகிறார்கள். தெரேசியாவின் துஆ இன்னும் ஏற்கப்படவில்லை. ரிஸ்லா அதற்குச் சேர்ந்து கேட்பதை நிறுத்தி நெடுநாளாகிறது.

போன தை மாதம் ஒரு பின்னேரம் தெரேசியா கதிரையில் இருந்தபடி மேற்கு மூலையைப் பார்த்து, மூக்கை உறிஞ்சி, ஏதோ சொன்னாள். தெருவில் பையன்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்னவாம்?" என்றாள் ரிஸ்லா.

"பனி கொட்டப் போகுதாம். உடுப்பை எடுக்கட்டாம்," என்றான் றிப்தி.

ரிஸ்லா கொடியிலிருந்த உடுப்புகளைக் கழற்றி, கூடையில் போட்டு, படலையைத் திறந்துகொண்டு போய், ஸெய்னுதீன் வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தாள்.